கொளுத்தும் வெயில், கூடவே இடி மழை: ஏப்ரல் வானிலை அறிக்கையில் ‘மிதமான மழை’ என்பது ஏன் போதாது?

அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கும் என்பது ஒரு வரி. ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை பெய்யும் என்பது அடுத்த வரி. சித்திரை பிறக்கும் சமயத்தில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படித்தால், இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். உடனே சமூக வலைதளங்களில் வழக்கமான கிண்டலும் வந்துவிடும்: “வெயிலா, மழையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்!”

உண்மையில், அந்த இரண்டு வரிகளில் முரண்பாடு எதுவும் இல்லை. அறிக்கையில் இருக்கும் அறிவியல் பெரும்பாலும் சரிதான். பிரச்னை அந்த அறிக்கை பேசும் மொழியில் இருக்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்து போனில் படிப்பவருக்கு அது வெறும் தகவல். ஆனால், திறந்தவெளியில் ஆடு மேய்ப்பவருக்கும், குலை தள்ளிய வாழைத்தோட்டம் வைத்திருப்பவருக்கும் அது சில நேரங்களில் உயிர், சில நேரங்களில் ஒரு வருட வருமானம்.

வெயிலும் மழையும் ஒரே அறிக்கையில் வருவது ஏன்?

வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் மழைக்கான சரக்கு வங்கக்கடலில் தயாராகி நம்மை நோக்கி வரும். கோடை மழை அப்படியில்லை. அது நம் தலைக்கு மேலேயே தயாராகிறது. அதற்கு அடுப்பு, அன்றைய வெயில்.

காலையிலிருந்து தரை சூடாகிறது. சூடான காற்று லேசாகி மேலே எழும்புகிறது. வங்கக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்றும், நிலப்பகுதியில் இருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் கோடு ஒன்று இந்த மாதங்களில் கர்நாடகத்தின் உள்பகுதி வழியாகத் தெற்கே நீளும். அறிக்கைகளில் ‘காற்றின் திசை மாறுபடும் பகுதி’ என்று வருவது இதுதான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சூடான ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும், சேர்வராயன், ஜவ்வாது போன்ற மலைகளும் அதற்கு இன்னும் ஒரு தள்ளு கொடுக்கின்றன. மதியம் 2 மணிக்கு வானம் சுத்தமாக இருக்கும். 4 மணிக்கு 10 கி.மீ-க்கு மேல் உயர்ந்த இடிமேகம் நிற்கும். 5 மணிக்கு எல்லாம் முடிந்து, தெருவில் மண்வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

ஆக, வெயில் அதிகமாக இருப்பதால்தான் இடியும் வருகிறது. கூடவே ஈரப்பதமும் அந்தக் கோடும் இருந்தால் போதும். “இன்னிக்கு புழுக்கம் தாங்கல, சாயந்திரம் மழை அடிக்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதே அறிவியல்தான்.

மார்ச் முதல் மே வரையிலான கோடைக்காலத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் இயல்பான மழை சுமார் 12 செ.மீ. வடகிழக்குப் பருவமழையின் சுமார் 44 செ.மீ-உடன் ஒப்பிட்டால் இது கொசுறு. ஆனால், மானாவாரி விவசாயிக்குக் கோடை உழவு செய்ய இந்த மழை வேண்டும். காட்டுத்தீ அடங்க இது வேண்டும். கிணற்றுப் பாசனக்காரருக்கு ஒரு தண்ணீர் மிச்சம். கோடை மழையை வில்லனாக மட்டும் பார்க்க முடியாது.

சென்னைக்கு வியர்வை, சேலத்துக்கு மழையா?

கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் ஏப்ரலில் இடி இடிக்கும்போது சென்னைவாசிக்குப் பொறாமையாக இருக்கும். காரணம் கடல்காற்று. மதியவாக்கில் அது உள்ளே நுழைந்துவிட்டால் கடலோரத்தில் வெப்பநிலை ஏறுவது நின்றுவிடும். காற்று மேலெழும்பும் வேகமும் குறைந்துவிடும். ஈரப்பதம் மட்டும் தங்கிவிடும். உள் மாவட்டங்களில் உருவான மேகம் இரவில் கடற்கரை வரை நகர்ந்து வரும் நாட்களும் உண்டு. ஆனால், வருவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும்.

கடலோர மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். சமவெளியில் 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும் தொட்டு, அது இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை ‘வெப்ப அலை’ என்று பொதுவாக அறிவிக்கும். சென்னையில் 36 டிகிரியும் கடுமையான ஈரப்பதமும் சேர்ந்தால், வியர்வை உலராது, உடம்பு குளிராது. பைக்கில் சுற்றும் டெலிவரி ஊழியருக்கு அது 40 டிகிரியைவிட மோசமாகவே இருக்கும். ஆனால், அது வெப்ப அலை அல்ல. அறிக்கையில் அதற்குக் கிடைக்கும் சொல் ‘அசௌகரியம்’.

‘ஓரிரு இடங்கள்’ என்றால் எத்தனை இடங்கள்?

இந்தச் சொற்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் வரை ‘ஒருசில இடங்கள்’. அதற்கு மேலே போகப் போக ‘அநேக இடங்கள்’, ‘பெரும்பாலான இடங்கள்’.

அதாவது, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் நான்கில் மூன்று பங்கு இடங்களில் மழை இருக்காது என்பதும் அதே அறிவிப்புக்குள் இருக்கிறது. கோடையில் ஒரு தனி இடிமேகத்தின் குறுக்களவு சில கிலோமீட்டர்கள்தான். ஆயுளும் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்குள். பஸ் ஸ்டாண்டில் கொட்டும், ரயில்வே ஸ்டேஷனில் காயும். “எங்க ஏரியாவுல ஒரு சொட்டு இல்ல, அறிக்கை பொய்” என்று சொல்வது, கோடை மழையின் இயல்பு தெரியாமல் போடும் வழக்கு.

இதுவரை அறிக்கை மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல்தான் சிக்கல்.

‘மிதமான’ என்ற சொல்

24 மணி நேரத்தில் 15.6 மி.மீ முதல் 64.4 மி.மீ வரை பெய்தால் அது ‘மிதமான மழை’. 64.5 மி.மீ-இல் இருந்துதான் ‘கனமழை’ தொடங்குகிறது. காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை சேர்ந்த தண்ணீரை அளந்து வைக்கும் பெயர் இது. நவம்பரில் நாள் முழுக்க நசநசவென்று தூறி 4 செ.மீ சேர்ந்தால், மிதமான என்ற சொல் பொருத்தமாகவே இருக்கும்.

அதே 4 செ.மீ, ஏப்ரல் மாலையில் முக்கால் மணி நேரத்தில் கொட்டினால்? கூடவே மணிக்கு 50 கி.மீ வேகக் காற்றும், நிமிடத்துக்குச் சில மின்னலும் இருந்தால்? தகரக்கூரை பறக்கும், புளியமரம் சாலையில் சாயும், கரன்ட் கம்பி அறுந்து தொங்கும். மறுநாள் காலை அறிக்கையில் அது ‘மிதமான மழை’ என்றே பதிவாகும். அளவுகோலின்படி அதில் தவறும் இல்லை.

கோடை இடிமழையில் ஆபத்து தண்ணீரில் இருப்பதில்லை. காற்றிலும் மின்னலிலும்தான் இருக்கிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் வழியில் உள்ள வறண்ட காற்றில் பாதி ஆவியாகின்றன. அதனால் குளிர்ந்து கனமான காற்று தொபுக்கென்று கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு 5, 10 நிமிடம் முன்பு புழுதியோடு சில்லென்று ஒரு காற்று அடிக்குமே, அதுதான். சில நேரம் மழையே வராமல் காற்று மட்டும் அடித்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஒரு நிகழ்வை மழையின் அளவை முன்னிறுத்தி எச்சரிப்பது, பாம்பு வருகிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதன் எடையைச் சொல்வது போல.

அறிக்கையில் காற்று வேகமும் இடி மின்னலும் குறிப்பிடப்படுவது உண்மை. ஆனால், எங்கே? வாக்கியத்தின் நடுவில், ‘கூடிய’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு. ‘இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை’ என்று படிப்பவர் மனதில் கடைசியாக நிற்பது ‘மிதமான மழை’ மட்டுமே.

மின்னல் எத்தனை பேரைக் கொல்கிறது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி உயிரிழந்தவர்கள் 2,887 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 8 பேர். அந்த ஆண்டில் இயற்கைச் சீற்றங்களால் இறந்த 8,060 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்னலுக்குப் பலியானவர்கள். மத்தியப் பிரதேசம், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில்தான் எண்ணிக்கை அதிகம். அதற்காகத் தமிழ்நாடு நிம்மதியாக இருக்க முடியாது. கோடை மழை தொடங்கிய நாட்களில் ‘வயலில் வேலை செய்த பெண் பலி’, ‘ஆடு மேய்த்தவர் பலி’ என்ற செய்தி மாவட்டப் பக்கத்தின் மூலையில் ஒவ்வொரு ஆண்டும் வருகிறது.

புயல் வந்தால் ஒரே நாளில் ஊரே பாதிக்கப்படும். அமைச்சர்கள் வருவார்கள், கேமராக்கள் வரும். மின்னல் இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் 2,887 என்ற எண் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. இறப்பவர்களில் பெரும்பாலானோர் திறந்தவெளியில் உடலுழைப்பு செய்பவர்கள் என்பதும் அந்த மௌனத்துக்கு ஒரு காரணம்.

உயிர் இழப்புக்கு அடுத்தது பயிர் இழப்பு. வாழைக்குத் தண்டு இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அது இலை உறைகள் சுருண்ட போலித் தண்டு. குலை தள்ளிய பிறகு தலைகனம் வேறு. மணிக்கு 50 கி.மீ-ஐ நெருங்கும் காற்றுக்கே சாயத் தொடங்கும். கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கம்பம் பக்கத்தில் பத்து மாதம் வளர்த்த தோட்டம் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். பேரிடர் நிவாரணம் கேட்டால் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நவரை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்தவருக்குத் தேவை ஒரு தார்ப்பாயும் 2 மணி நேர அவகாசமும். டெல்டாவில் எள் போட்டவருக்கும், கிருஷ்ணகிரி மாங்காய்க்காரருக்கும் இதே கதைதான். இவர்களுக்கு ‘நாளை ஓரிரு இடங்களில்’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

அப்போ, ‘அடுத்த 3 மணி நேரம்’ மீம்?

“அடுத்த 3 மணி நேரத்துக்கு இந்த மாவட்டங்களில் மழை பெய்ய வாய்ப்பு” என்ற அறிவிப்பு தமிழ்நாட்டில் மீம் மெட்டீரியல் ஆகி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால், கோடை இடிமழைக்கு உண்மையில் பயன்படுகிற ஒரே அறிவிப்பு அதுதான். எந்த ஊரில் எந்த நேரத்தில் மேகம் வெடிக்கும் என்பதை முந்தைய நாளே துல்லியமாகச் சொல்ல உலகில் எங்குமே முடியாது. மேகம் உருவான பிறகு ரேடாரில் பார்த்து, அது நகரும் திசையைக் கணித்துச் சொல்ல முடியும்.

ரேடார் எங்கே இருக்கிறது என்பது இங்கே முக்கியம். சென்னை, காரைக்கால் என்று கிழக்குக் கடற்கரையில்தான் முக்கியமான ரேடார்கள் நிற்கின்றன. புயலைப் பார்க்க அது சரியான இடம். கோடை இடிமேகம் உருவாவதோ மேற்கில். சென்னையிலிருந்து சேலம் நேர்கோட்டில் 250 கி.மீ-க்கும் அதிகம், காரைக்காலிலிருந்து சுமார் 200 கி.மீ. பூமி வளைந்திருப்பதால், அவ்வளவு தூரம் போகும்போது ரேடார் கதிர் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மேகத்தின் தலை தெரியும், காலடியில் நடப்பது தெரியாது. ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்ததற்குப் பின்னால் இருக்கும் தேவை இதுதான். அது எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யத் தொடங்குகிறதோ, உள் மாவட்டங்களுக்கு அவ்வளவு நல்லது.

‘எல்லாத்துக்கும் அலர்ட் குடுத்தா யார் கேப்பாங்க?’

நியாயமான கேள்வி. கோடையில் பத்து முறை எச்சரித்தால் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு அதில் இரண்டு, மூன்று முறைதான் மழை வரும். மற்ற நேரங்களில் “சும்மா பயமுறுத்துறாங்க” என்ற எண்ணம் வந்துவிடும். அப்புறம் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். வானிலை ஆய்வாளர்கள் அளந்து பேசுவதற்கு இந்தப் பயமும் காரணம்.

ஆனால், அலர்ட் சலிப்பு வருவது எண்ணிக்கையால் மட்டும் அல்ல, பொதுவாகச் சொல்வதால். 15 மாவட்டங்களின் பெயரை வரிசையாகப் போட்டு ‘மஞ்சள் எச்சரிக்கை’ என்றால், அதில் தன் ஊருக்கு என்ன என்பது யாருக்கும் தெரியாது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்பது அர்த்தம். ஆனால், ‘கவனித்து’ என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவிப்பு சொல்வதில்லை. நிறம் மட்டும் வருகிறது. பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்கும் மின்னலுக்கும் மண்டல் வாரியாகப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. ஒடிசா, மின்னலை 2015-லேயே மாநிலப் பேரிடராக அறிவித்தது. தமிழ்நாடும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்த பிறகு கொடுப்பதற்கு வழி செய்தாயிற்று. இறக்காமல் இருப்பதற்கான வழியை இன்னும் கூர்மையாக்க வேண்டும்.

என்ன மாற வேண்டும்?

முதலில், கோடைக்கால அறிக்கையின் வாக்கிய அமைப்பு. மார்ச் முதல் மே வரை மழை அளவைப் பின்னால் தள்ளி, மின்னலையும் காற்றையும் முன்னால் கொண்டுவரலாம். ‘பிற்பகல் 3 முதல் இரவு 8 மணிக்குள் மின்னல், பலத்த காற்று, இடிச்சத்தம் கேட்டதும் வயலில் இருந்து வெளியேறுங்கள், மழை மிதமாக இருக்கலாம்’ என்று எழுத கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்தது, தகவல் போகும் பாதை. தாமினி, மௌசம், டிஎன் அலர்ட் என்று ஆப்கள் இருக்கின்றன. மின்னலைப் பக்கத்தில் கண்டறிந்து எச்சரிப்பதில் தாமினி பயனுள்ளது. ஆனால், நடவு வயலில் நிற்கும் பெண்ணின் கையில் போன் இருக்காது. இருந்தாலும் கரையில் பைக்குள் கிடக்கும். கோயில் மைக் இருக்கிறது, ஊராட்சி ஒலிபெருக்கி இருக்கிறது, ஊரக வேலைத் திட்டத்தில் பணித்தளப் பொறுப்பாளர் இருக்கிறார். எச்சரிக்கை கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடக்க இவர்கள்தான் வழி.

மூன்றாவது, வேலை கொடுப்பவர்களின் பொறுப்பு. இடி இடிக்கும்போது வேலையை நிறுத்தினால் கூலி பிடிக்கப்படும் என்றால், எந்த அறிக்கையும் யாரையும் காப்பாற்றாது. ‘தாமதமானால் ரேட்டிங் குறையும்’ என்று ஓடும் டெலிவரி ஊழியருக்கு ஆரஞ்சு எச்சரிக்கை ஒரு நிறம் மட்டும்தான். சென்னையில் டெலிவரி ஊழியர்களுக்காக மாநகராட்சி ஏசி ஓய்வறைகளைத் திறந்தது நல்ல தொடக்கம். ஆனால், ஓய்வறையில் உட்காரும் 20 நிமிடத்துக்கு ஆப் அபராதம் போடக்கூடாது என்ற விதியும் கூடவே வேண்டும். மழைநேரத்தில் ஆர்டர் போடுபவர்களும், அந்த 20 நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால், அது சுமார் 10 கி.மீ தூரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது உங்கள் பக்கத்தில் விழலாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து வெளியே வாருங்கள்.
* தனி மரத்தடி, பஸ் நிழற்குடை, சுவரில்லாத தகரக் கொட்டகை எதுவும் பாதுகாப்பு அல்ல. கான்கிரீட் கட்டடம் நல்லது. இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார், பஸ்.
* மொபைல் போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டிக்கொண்டு பேசுவதுதான் ஆபத்து. இடி நேரத்தில் குழாயைத் திறந்து குளிப்பதையும் தவிர்க்கலாம்.
* மின்னல் தாக்கியவரின் உடம்பில் கரன்ட் இருக்காது. தயங்காமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள்.
* ‘வெப்பம் அதிகம், இடிமழைக்கு வாய்ப்பு’ என்று இரண்டும் ஒரே அறிக்கையில் இருந்தால், வெளிவேலையைக் காலை 11 மணிக்குள் முடிப்பது நல்லது. 11 முதல் 3 வரை வெயில் ஆபத்து, 3-க்குப் பிறகு மின்னல் ஆபத்து.

கடைசியாக ஒன்று. ஊரில் அப்பா, அம்மா, சித்தப்பா யாராவது வயலுக்கோ தோட்டத்துக்கோ போகிறவர்களாக இருந்தால், உங்கள் போனில் அவர்கள் ஊருக்கான எச்சரிக்கைகளையும் கவனித்து வரலாம். அலர்ட் வந்தால் ஒரு போன் போடுங்கள். அறிக்கையின் மொழி மாறும்வரை, அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.